நான் எழுதிக்கொடுத்த வரி

2021 மார்ச் 9, செவ்வாய்

தேர்தல் வந்தாலும் வந்தது, கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஆளாளுக்கு ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல். மத்தியானம் ஜெராக்ஸ் மிஷினில் தாள் சிக்கிக்கொண்டது. அதை உருவிக்கொண்டிருக்கும்போது பழனிமுத்துவின் கார் வந்து நின்றது.

அவர் அடிவாரத்துக்காரர். வாழைத் தோட்டமும் கிழங்கு லாரிகளும் வைத்திருக்கிறார். கட்சியில் கொல்லிமலைக்கு அவர்தான் பொறுப்பு. வேட்பாளர் யாராக இருந்தாலும் மேடையில் முழங்குவது பழனிமுத்துதான்.

"தேவனூர்ல ஒரு காதுகுத்து ஃபிளக்ஸ் பார்த்தேன். வார்த்தை ஒவ்வொண்ணும் செதுக்குன மாட்டம் இருந்துது. நீங்க எழுதுனதாமே தம்பி?"

"ஆமாங்க தலைவரே."

"எனக்குக் கொரல் இருக்குது, வார்த்தை இல்ல. எலெக்சனுக்கு எழுதிக் குடுங்க. எழுதுனது நீங்கன்னு மட்டும் வெளிய தெரிய வேண்டாம்."

சரி என்றேன். முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒருவர் என் வாசலுக்கு வந்து என் சொற்களைக் கேட்கிறார். சுகுணாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு அரசாங்க வேலை, கிராம நர்ஸ். கட்சி என்றாலே முகத்தைச் சுளிப்பாள். அதனால்தான் சொல்லவில்லை. அதனால் மட்டும்தானா?

மார்ச் 18, வியாழன்

நான் முதலில் எழுதியதைப் பழனிமுத்து திருப்பித் தந்துவிட்டார். ரோடு, பஸ் வசதி, மிளகு விலை என்று எழுதியிருந்தேன். "இதுக்கு எவன் கை தட்டுவான் தம்பி? மலைக்காரன் ஆம்பளைன்னு சொல்லுங்க. கேக்கறவனுக்கு மீசை துடிக்கோணும்."

நேற்று செம்மேடு பஸ் ஸ்டாண்டில் அண்ணனுக்கு அபராதம் போட்டுவிட்டார்கள், மாஸ்க் இல்லை என்று. அண்ணன் செங்கோடன் கிழங்கு மூட்டை ஏற்றிவிட வந்தவர். அப்பா போனபிறகு பதினேழு வயதில் ஏர் பிடித்து என்னைப் படிக்க வைத்தவர். எங்கள் குண்டனி நாட்டு ஊர்களில் அவர் முன்னால் யாரும் குரல் உயர்த்த மாட்டார்கள். அவரை, மகன் வயதுள்ள ஒரு போலீஸ்காரர் எல்லோரும் பார்க்க அரைமணி நேரம் வெயிலில் நிறுத்தியிருக்கிறார். வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

அந்த முகத்தை நினைத்துக்கொண்டே இன்று உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் வந்தது. களை ஓட்டும்போது பயிரை மேய்ந்துவிடாமல் இருக்க மாட்டின் வாயில் கூடு கட்டுவோமே, அது ஞாபகத்துக்கு வந்தது.

'வாய்க்கூடு மாட்டுக்கு! மீசை மனுசனுக்கு!'

வாய்விட்டு இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். எனக்கு மீசை சரியாக வளராது. அது வேறு விஷயம்.

மார்ச் 21, ஞாயிறு

கூட்டத்துக்கு ஐந்நூறு பேர் வந்திருப்பார்கள். பின்வரிசையில் டீக்கடை ஓரமாக நின்றேன்.

பழனிமுத்து மாஸ்க்கோடுதான் மேடை ஏறினார். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். மாஸ்க்கை மெதுவாகக் கழற்றி, இரண்டு விரலில் எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிக் காட்டி, என் வரியைச் சொன்னார். அப்புறம் — அதை எப்படி எழுத? மலையே கத்தியது மாதிரி இருந்தது. ஆண்கள் எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றி வீசினார்கள். தரையெல்லாம் நீலமாகக் கிடந்தது. அண்ணன் முன்வரிசையில் எழுந்து நின்று துண்டைச் சுழற்றினார்.

வீடு திரும்பும் வழியில் அண்ணன் சொன்னார்: "என்ற மனசுக்குள்ள பூந்து எடுத்த மாட்டமே பேசுனாரு தம்பி. தலைவரு இதையெல்லாம் எங்கிருந்துதான் புடிக்கறாரோ!"

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சிரித்துக்கொண்டே நடந்தேன். இன்றுபோல் ஒருநாள் சந்தோஷமாக இருந்ததில்லை.

மார்ச் 24, புதன்

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறி வந்த ஒரு லாரியின் பின்பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தது, என் வரி. மூன்று நாள்கூட ஆகவில்லை.

ஏப்ரல் 1, வியாழன்

இன்றிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஊசி. சுகுணா காலை ஆறு மணிக்கே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பியபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு ஊருங்க. ஏழே பொம்பளைங்க வந்தாங்க. ஆம்பளை ஒருத்தரு இல்ல. என்னைப் பார்த்ததும், 'நர்சம்மா வாய்க்கூடு கொண்டாந்திருக்குது, கட்டிக்க வாங்கடா'ன்னு சிரிக்கறாங்க. ஊசி போட்டா ஆம்பளைத்தனம் போயிருமாம்."

அவள் என்னையே பார்த்தாள்.

"ஏனுங்க, அது உங்க எழுத்துத்தானுங்களே?"

"எது?"

"அந்த வாய்க்கூடு. பழனிமுத்துக்கு மாட்டைப் பத்தி என்ன தெரியும்? அவரு டிராக்டர்ல உழுகறவரு."

இல்லை என்று சொல்லிவிட்டேன். கண்ணைப் பார்த்தே சொன்னேன். பதினோரு வருடத்தில் அவளிடம் சொன்ன முதல் பெரிய பொய்.

ஏப்ரல் 3, சனி

நாளையோடு பிரச்சாரம் முடிகிறது. பழனிமுத்து போன் செய்தார். "ஊசியைப் பத்தியும் ஒண்ணு வேணும் தம்பி. எங்க போனாலும் அதைத்தான் பேசறாங்க. நறுக்குன்னு ஒண்ணு."

தலைவரே, அது மட்டும் வேண்டாங்க — இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நினைத்தேன். ஆனால் அவர் போனை வைப்பதற்குள்ளேயே வரி வந்துவிட்டது. நான் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. ஓசையும் சரியாக உட்கார்ந்தது.

'ஊசிக்குத் தோள் காட்டுறவன் எதிரிக்கு முதுகு காட்டுவான்!'

எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதிலுக்குத் தீப்பொறி படம் அனுப்பினார். அடுத்த அறையில் சுகுணா நாளைய பட்டியலுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கேல் உரசும் சத்தம் கேட்டது.

ஏப்ரல் 6, செவ்வாய்

ஓட்டுப் போட்டோம். வாசலில் ஒரு கைக்கு பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். அண்ணன் அதை வாங்காமல் உள்ளே போனார். யாரும் தடுக்கவில்லை.

மே 2, ஞாயிறு

எங்கள் ஆள் தோற்றாயிற்று. சாயங்காலம் பழனிமுத்துவின் குரல் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்தது. மலைக்காரனை ஊட்டுக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள், ஊசி போட்டு ஒடுக்கப் பார்க்கிறார்கள், பணியாதே என்று. நடுவில் என் இரண்டு வரிகளும். இதை நான் எழுதிக் கொடுக்கவில்லை. இனி நான் எழுத வேண்டிய அவசியமும் இல்லை போலிருக்கிறது.

மே 11, செவ்வாய்

நேற்றிலிருந்து ஊரடங்கு. பஸ் இல்லை, கடை இல்லை. கீழேயிருந்து ஊருக்குத் திரும்பியவர்கள் வீட்டுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். சுகுணா போனால் காய்ச்சல் உள்ளவர்களைப் பின்பக்கம் மிளகுத் தோட்டத்துக்குள் அனுப்பிவிட்டு, "ஊட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லீங்க" என்கிறார்கள். நிற்கும்போதே தோட்டத்துக்குள்ளிருந்து இருமல் கேட்கிறதாம்.

"மரம் இருமுதுன்னு எழுதிக்கவா?" என்று கேட்டாளாம் ஒருவரிடம். அவரும் சிரித்தாராம்.

மே 13, வியாழன்

இந்த வாரத்தில் நான்கு சாவு. நான்கும் 'மாரடைப்பு'.

மே 17, திங்கள்

அண்ணி கண்ணாயி போன் செய்தார். அண்ணனுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். காய்ச்சலோடு ராகிக்கொல்லையில் கல் பொறுக்கியிருக்கிறார், வருகிறவர் போகிறவர் பார்க்கட்டும் என்று.

சுகுணாவும் நானும் போனோம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை பட்டன் எல்லாம் திறந்திருந்தது. சுகுணா அவர் விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கருவியை மாட்டினாள். எண்பத்து நான்கு. தொண்ணூற்று நான்குக்குக் கீழே போகக்கூடாது என்று எனக்கே தெரியும், தினமும் வீட்டில் கேட்கிற பேச்சு.

"மாமா, ஆம்புலன்சுக்குச் சொல்லிர்றேனுங்க."

"வேண்டாம் சாமி. கீழ போன எவன் திரும்பி வந்தான்? மிளகுக் கசாயம் குடிச்சா நாளைக்கு எந்திரிச்சுருவேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். "செங்கோடன் படுத்துட்டான்னு ஊரு பேசோணுமா?"

பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "தோளு காட்டாதவன்டா நானு."

சுகுணா என் பக்கம் திரும்பவேயில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மே 18, செவ்வாய்

எண்பத்தொன்று. இன்றும் மறுத்துவிட்டார். ஒரு பகல் முழுக்கக் கெஞ்சினோம். அண்ணி காலில் விழுந்தார். ஒரு பகல் முழுக்க!

மே 19, புதன்

காலையில் அவரால் மறுக்க முடியவில்லை. பேச்சு வரவில்லை. ஆம்புலன்சில் நான் கூடப் போனேன்.

எழுபது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அவர் உடம்பு என் பக்கம் சாயும், நான் பிடித்து நிமிர்த்துவேன். சிறுவயதில் இதே ரோட்டில் என்னைத் தோளில் உட்காரவைத்து இறங்கியிருக்கிறார். பாதி வழியில் ஆக்சிஜன் கொஞ்சம் பிடித்ததும் கண்ணைத் திறந்தார். முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். காதை வைத்துக் கேட்டேன்.

"பயமா இருக்குது கண்ணு."

என் அண்ணன் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை. கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு வளைவு போனபிறகு, "அந்த ஊசி இனிமே போடுவாங்களா தம்பி?" என்று கேட்டார்.

போடுவாங்கண்ணா. நல்லானதும் போடுவாங்க.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை தலைவருது இல்லீங்கண்ணா, நான் எழுதுனது, அது வெறும் ஓசை, அதை நம்பாதீங்கன்னு. சொல்லல. வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்துது.

மே 22, சனி

மத்தியானம் இரண்டே காலுக்கு அண்ணன் போய்விட்டார்.

மே 23, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் உடலை நெகிழியில் சுற்றிக் கொடுத்தார்கள். அவருடைய கொல்லையிலேயே புதைத்தோம். தூக்க ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேர் வாயிலும் மாஸ்க் இல்லை. சுகுணா பையிலிருந்து எடுத்து நீட்டினாள். ஒருவர் மட்டும் வாங்கினார், வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 4, வெள்ளி

சுகுணாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வரியும் நான் எழுதியதுதான் என்று. கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியுமுங்க."

"எப்போலிருந்து?"

"நீங்க இல்லைன்னு சொன்னீங்களே, அப்போலிருந்து."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஆய்ந்த தழையை முறத்தில் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

ஜூன் 12, சனி

ஊசி போட்டுக்கொண்டேன். சுகுணாதான் போட்டாள். "கையைத் தளர்த்தியா வைங்க" என்றாள், முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோல.

ஜூன் 30, புதன்

கடை திறந்து மூன்று நாள். பழனிமுத்துவின் டிரைவர் ராசாமணி வந்தார். "தலைவரு வெளியூரு போறாருங்க. இந்த ரெண்டையும் கலர்ல போட்டு லேமினேசன் பண்ணித் தருவீங்களாமா" என்று போனை நீட்டினார்.

தடுப்பூசிச் சான்றிதழ்கள். பழனிமுத்து, வயது 61. முதல் ஊசி மார்ச் 12. இரண்டாவது ஏப்ரல் 14.

மார்ச் 12. கடைக்கு வந்து என்னிடம் பேச்சு கேட்டு மூன்றாம் நாள். மேடையில் மாஸ்க்கைத் தூக்கிக் காட்டும்போது அந்தத் தோளில் ஊசி போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ராசாமணியும் தேதியைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார், நான் எதுவும் கேட்காமலேயே.

மிஷினில் போட்டேன். சூடாக வெளியே வந்தது. வாங்கிக்கொண்டு போனார். நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு நகலாவது எடுத்து வைத்திருக்கலாம். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு அதுகூடத் தோன்றவில்லை.

ஜூலை 13, செவ்வாய்

பழனிமுத்து போன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் படத்திறப்பு வைக்கிறாராம். ஐம்பது பேருக்கு அனுமதி. "உருக்கமா ஒண்ணு எழுதுங்க தம்பி. கடைசி வரைக்கும் பணியாத ஆம்பளைன்னு."

"எழுத மாட்டேனுங்க."

மெதுவாக, அக்கறையோடு, "செங்கோடனைக் கெடுத்த வார்த்தை தம்பி எழுதுனதுன்னு தெரிஞ்சா உங்கண்ணி எப்படித் தாங்குவாங்க? நான் அதைத்தான் யோசிக்கறேன்" என்றார்.

போன் வைத்தபிறகும் அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது. கத்தியிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன்.

ஜூலை 14, புதன்

அவர் சொல்லி அண்ணிக்குத் தெரிய வேண்டாம் என்று நானே போனேன். அண்ணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அரைகுறையாக அல்ல, இரண்டு வரியையும், யாருக்காக எழுதினேன், எப்படிச் சந்தோஷப்பட்டேன் என்பதையும்.

"நீயா எழுதுனே?"

"ஆமாங்க அண்ணி."

வாளியைக் கவிழ்த்து வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெயில் சாயும் வரை வாசலில் நின்றேன். திறக்கவில்லை.

ஜூலை 18, ஞாயிறு

கல்யாண மண்டபம். ஐம்பது என்றார்கள், இருநூறு பேர் இருந்தார்கள். அண்ணன் படத்துக்கு மாலை. ஃபிளக்ஸில் 'மாவீரன்' என்று போட்டிருந்தார்கள். வேறு யாரோ எழுதியது. மீசையைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கியிருந்தார்கள்.

பழனிமுத்து பேசினார். "எத்தனை பேரு வந்து கெஞ்சுனாங்க! செங்கோடன் தோள் காட்டுனானா? கடைசி மூச்சு வரைக்கும் பயம்னா என்னன்னு தெரியாத ஆம்பளை!" கை தட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டினார்கள். அவர் தொடர்ந்தார்: "இந்த மலையில ஒவ்வொருத்தனும் ஒரு செங்கோடன்!"

அப்போதுதான் எழுந்தேன். ஒவ்வொருவரும் என்றால் இன்னும் எத்தனை பேர்?

"என்ற அண்ணன் பயந்தாருங்க" என்றேன். மைக் இல்லை, என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "ஆம்புலன்சுல என்ற கையைப் புடிச்சுக்கிட்டுப் பயமா இருக்குதுன்னு சொன்னாரு. ஊசி போடுவாங்களான்னு கேட்டாரு. அந்த வாய்க்கூடு, அந்தத் தோளு, எல்லாம் நான் எழுதிக் குடுத்ததுங்க. வெறும் வார்த்தைங்க அது. அதைச் சொன்ன தலைவரு மார்ச்சு மாசமே ஊசி போட்டுக்கிட்டாரு!"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு நொடி நம்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பழனிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கில் சொன்னார்: "அண்ணனைப் பறிகொடுத்த துக்கம். தம்பியைத் திட்டாதீங்க. அழைச்சுட்டுப் போய்த் தண்ணி குடுங்க."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

"இவனா எழுதுனான்? பொண்டாட்டி சொல்லிக் குடுத்ததைப் பேசறான்" என்று ஒருவர். மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, நரம்பு புடைக்க, "பொட்டப்பயலே, எறங்கு வெளியே!" என்று கத்தினார். எனக்கு அவரைத் தெரியும். நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். மண்டபமே சிரித்தது.

என் வரி என் வரி என்று நான்கு மாதம் மறைத்து வைத்தேன். இப்போது என்னுடையது என்று சொன்னால் தரமாட்டேன் என்கிறார்கள்.

ஜூலை 20, செவ்வாய்

காலையில் கடை திறக்கப் போனேன். ஷட்டர் பூட்டில் கயிற்றில் பின்னிய ஒரு வாய்க்கூடு தொங்கியது. புதிது, யாரோ உட்கார்ந்து பின்னியிருக்கிறார்கள். அவிழ்ப்பதை எதிர் டீக்கடையில் ஏழெட்டுப் பேர் டம்ளரோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 27, செவ்வாய்

ஒரு வாரமாகக் கடைக்கு யாரும் வரவில்லை. சுகுணாவை இரண்டு ஊர்களில் உள்ளேயே விடவில்லை. அந்த இரண்டில் ஒன்றில் புதிதாகக் காய்ச்சல்.

ஆகஸ்ட் 2, திங்கள்

ஆடி மாத ஓரி மன்னன் விழா இந்த வருடமும் கிடையாது. வெறிச்சென்று கிடக்கிறது செம்மேடு. சுகுணா சாப்பிடும்போது, "சனிக்கிழமை பள்ளிக்கூடத்துல முகாமுங்க. பேரெழுத ஆளில்ல. உங்களுக்கு எழுத்து நல்லா வருமே" என்றாள். குத்தலா, அழைப்பா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 7, சனி

காலை ஒன்பது மணிக்கு மேஜை போட்டோம். பதினோரு மணி வரை ஒருவருமில்லை. ரோட்டில் பைக்கில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்து, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதலில் வந்தது அண்ணி. கண்ணாயி, வயது 44, கணவர் பெயர் — எழுதும்போது கை நின்றது. அண்ணி காத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, பேசவுமில்லை. ஊசி போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அவர் போவதைப் பார்த்துவிட்டுப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மத்தியானத்துக்குள் பதினாறு பேர். எல்லோரும் பெண்கள்.

மூன்று மணிக்கு மேஜையை மடக்கப் போனோம். பின்பக்கம், சத்துணவுக் கூடத்துக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தேன். தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர். அவருக்குப் பின்னால், சில்வர் ஓக் மரங்களுக்குள், தள்ளித் தள்ளி இன்னும் மூன்று பேர்.

முதல் ஆள் துண்டை விலக்கினார். மண்டபத்தில் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியவர்.

"என்ற தங்கச்சி ஊட்டுக்காரரு நேத்து செத்துட்டாருங்க" என்றார். சுவரில் சாய்ந்து இருமினார், அது பழைய பீடி இருமல்தானா, வேறா என்று தெரியவில்லை. சுகுணா விரலில் கருவியை மாட்டிப் பார்த்தாள், காய்ச்சலும் பார்த்தாள். ஆக்சிஜன் தொண்ணூற்று ஏழு, காய்ச்சல் இல்லை. போடலாம் என்று தலையசைத்தாள்.

சட்டைக் கையை மடிக்கப் பார்த்தார். பட்டன் கழலவில்லை. நான் கழற்றி, தோள் வரைக்கும் மடித்துவிட்டேன். நல்ல உரமான கை. மயிர்க்கூச்செறிந்திருந்தது.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றார்.

"சொல்ல மாட்டேனுங்க."

மற்ற மூவரும் ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள். அரசாங்கப் பதிவேட்டில் நான்கு பெயர்களையும் எழுதினேன். இந்த நோட்டில் எழுதவில்லை.